சோறு மாறாமல் நோய் எதிர்ப்பை ஏற்றுவது எப்படி?

நெல் பயிர்ப்பெருக்கத்தில் முதுநிலை ஆய்வுக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு முதலில் கிடைக்கும் வேலை பெரும்பாலும் இதுதான். மக்கள் விரும்பிச் சாப்பிடும் ரகம் ஒன்று இருக்கும், அதை ஒரு நோய் வாட்டும். அந்த நோயைத் தாங்கும் குணத்தை வேறொரு நெல்லிலிருந்து கொண்டுவந்து சேர்க்க வேண்டும். தாளில் எழுதினால் நாலு வரி. வயலில் பல பருவங்கள் ஓடும்.

நான் டெல்டாவில், ஆந்திரா பொன்னி நடும் வீட்டில் வளர்ந்தவள். இப்போது நெல் ஒட்டுக்கட்டும் (ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்க்கும்) வயலிலும் அதை ஒட்டிய ஆய்வகத்திலும் வேலை. இந்த வேலையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோய் எதிர்ப்பை முதலில் முடித்துவிட்டு, அரிசித் தரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போடக் கூடாது. ஒவ்வொரு தலைமுறையிலும் இலையைப் பார்க்கும் அதே கையோடு அரிசியையும் பார்க்க வேண்டும். ஏன், எப்படி என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு, ஏற்கனவே செய்து முடித்த ஒரு வேலையையே எடுத்துக்கொள்வோம். நம் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கும் அரிசியின் சரியான பெயர் சம்பா மசூரி, அதாவது பி.பி.டி. 5204. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்தது. அதன் பரம்பரையில் கோயமுத்தூரில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24 இருக்கிறது, தைச்சுங் நேட்டிவ் 1 இருக்கிறது, மசூரி இருக்கிறது. சன்ன அரிசி, உதிரியான சோறு, நல்ல விலை. ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் வந்தால் தாங்காது. ஹைதராபாத்தில் அன்றைய நெல் ஆராய்ச்சி இயக்குநரகமும், செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து இதில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றி, 2008-இல் மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி என்ற பெயரில் வெளியிட்டன. மரபணுக்களின் பெயர்கள் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ21. இது மரபணு மாற்றுப் பயிரா என்று பலர் கேட்பார்கள். இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுக்கட்டி, சரியான செடியை டி.என்.ஏ. பார்த்துப் பொறுக்கியதுதான்.

முதலில் நோய் எது என்று உறுதி செய்யுங்கள்

இலை நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் மஞ்சளாகி, அலை அலையான விளிம்போடு வைக்கோல் நிறத்தில் காய்ந்துகொண்டு வந்தால் இலைக்கருகல் என்று சந்தேகப்படலாம். சத்துக் குறைபாட்டிலும் நுனி காயும் என்பதால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை உள்ளே இருக்கும்படி பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் பால் போல ஒரு கசிவு இறங்கினால் பாக்டீரியாதான். விவசாயிகளுக்கும் இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். தேவையில்லாமல் பூஞ்சாணக் கொல்லி வாங்கும் செலவு அவர்களுக்கு மிச்சமாகும்.

கொடை ரகத்தைத் தேர்ந்தெடுப்பது

எதிர்ப்பைக் கொடுக்கும் நெல்தான் கொடை ரகம். ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பி இறங்காதீர்கள். எக்ஸ்ஏ4 என்ற மரபணுவின் கதை இதற்குப் போதும். திரூர்குப்பத்தில் உருவான நம்முடைய டி.கே.எம். 6 ரகத்திலிருந்து பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், அங்கிருந்து எத்தனையோ ஐ.ஆர். ரகங்களுக்குள் பரவிய மரபணு அது. பரவலாக நட்டபோது பாக்டீரியா அதைத் தாண்டும் வழியைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு மூன்று மரபணுக்கள், அதுவும் வெவ்வேறு முறையில் வேலை செய்பவை, ஒரே செடியில் இருந்தால் பாக்டீரியா எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாண்டுவது கடினம்.

சம்பா மசூரியில் ஏற்றிய மூன்றும் அப்படி வேறுபட்டவை. எக்ஸ்ஏ21 மாலி நாட்டைச் சேர்ந்த காட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. 1995-இல் அமெரிக்க விஞ்ஞானி பமீலா ரொனால்டின் குழு அதைப் பிரித்தெடுத்தது. பாக்டீரியா வந்ததை அடையாளம் கண்டு செடியை உஷார்ப்படுத்தும் புரதம் அது. எக்ஸ்ஏ13 செயல்படும் விதம் எனக்கு எப்போதும் வியப்பு. பாக்டீரியா நெல்லுக்குள் நுழைந்ததும், சர்க்கரையைச் செல்லுக்கு வெளியே அனுப்பும் ஒரு மரபணுவின் ஸ்விட்சைப் போட்டு, தனக்குச் சாப்பாடு வரவழைத்துக்கொள்ளும். எக்ஸ்ஏ13 உள்ள செடியில் அந்த ஸ்விட்ச் மாறியிருக்கிறது, பாக்டீரியாவின் விரலுக்கு அது எட்டாது. அந்த மரபணுவையே ஒழித்துவிடவும் முடியாது, ஏனென்றால் மகரந்தம் முற்றுவதற்கு அது வேண்டும். எக்ஸ்ஏ5-இல் மரபணுக்களைப் படிக்கும் இயந்திரத்தின் ஒரு சிறு உறுப்பு கொஞ்சம் மாறியிருக்கும். அதனால் பாக்டீரியாவின் புரதம் அங்கே சரியாகப் பற்றிக்கொள்ள முடிவதில்லை.

இதில் ஒரு சிக்கலை ஆரம்பத்திலேயே மனதில் வையுங்கள். எக்ஸ்ஏ21 ஓங்கு பண்பு, ஒரு பிரதி இருந்தாலே போதும். எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் ஒடுங்கு பண்புகள், இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும். பின்கலப்பில் (கலப்புச் செடியை மறுபடி மூல ரகத்தோடு கட்டுவதில்) அவை ஒற்றைப் பிரதியாகவே வரும், நோயைக் கொடுத்துப் பார்த்தால் இருப்பதே தெரியாது. டி.என்.ஏ. மார்க்கர், அதாவது மரபணு இருப்பதைக் காட்டும் அடையாளத் துண்டு, இல்லாமல் இந்த வேலை ஏன் இழுத்தடிக்கும் என்பது இப்போது புரியும்.

கொடை ரகம் எடுக்கும்போது அதன் அரிசியையும் பாருங்கள். எதிர்ப்பு ஒரே அளவில் இருக்கும் இரண்டு கொடை ரகங்களில் ஒன்று மோட்டா, இன்னொன்று சன்னம் என்றால் சன்னத்தையே எடுங்கள். பின்னால் கழிக்க வேண்டிய சுமை குறையும்.

ஒட்டுக்கட்டும் நாள்

தேவையானவை: கூரான சிறு கத்தரிக்கோல், நுனி மெல்லிய இடுக்கி, பட்டர் பேப்பர் பை, குண்டூசி, அட்டை, பென்சில். பேனா வேண்டாம், ஒரு மழைக்கு அட்டை வெள்ளையாகிவிடும். ஏற்கும் ரகத்தையும் கொடை ரகத்தையும் ஒரே சமயத்தில் பூக்க வைப்பதற்கு, விதைப்பைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் பிரித்துப் போடுங்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு மேல், கண்ணாடி இலையிலிருந்து பாதிக்கு மேல் வெளிவந்த கதிரைப் பிடியுங்கள். ஏற்கனவே பூத்த மணிகளையும் அடியில் உள்ள மிக இளம் மணிகளையும் நீக்கிவிடுங்கள். மிச்சமுள்ள ஒவ்வொரு மணியிலும் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஆறு என்று எண்ணியே எடுங்கள். ஒன்று தங்கினாலும் அந்த மணி தன் மகரந்தத்திலேயே பிடித்துவிடும். சூலகமுடியில் இடுக்கி படக்கூடாது. பையைப் போட்டு, அட்டையில் தேதி எழுதி மாட்டுங்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை நெல் பூக்கும் நேரம். கொடை ரகத்தின் கதிரை வெட்டிவந்து, மகரந்தப்பைகள் வெளியே தொங்கும் சமயத்தில், பையின் வாயைத் திறந்து மெதுவாகத் தட்டுங்கள். மேகமூட்டமாக இருந்தால் பூப்பது தாமதமாகும், காத்திருங்கள். இருபத்தைந்து முப்பது நாளில் மணி முற்றும். உமியின் நுனி வெட்டுப்பட்டிருப்பதால் அரிசி வெளியே தெரியும், பூஞ்சாணம் சீக்கிரம் ஏறும். நிழலில் உலர்த்தி உடனே எடுத்துவையுங்கள்.

எங்கள் வயலில் ஒட்டுக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் அவர் கட்டிய கதிரில் பிடிக்கும் மணிகளை முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கட்டிய கதிரில் நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் உங்கள் வயலிலும் இருப்பார். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

எத்தனை செடி வளர்க்க வேண்டும்?

முதல் தலைமுறைச் செடியை மறுபடி சம்பா மசூரியோடு கட்டினால் பின்கலப்பு. ஒவ்வொரு பின்கலப்பிலும் சம்பா மசூரியின் பங்கு சராசரியாக 75, 87.5, 93.75 விழுக்காடு என்று ஏறும். மூன்று மரபணுக்களும் சேர்ந்து வரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அப்படி ஒரு செடியாவது கிடைக்கும் என்று 99 விழுக்காடு உறுதி வேண்டுமானால் 35 செடியாவது வேண்டும். ஒரு செடி கிடைத்து என்ன பயன்? அதில் சம்பா மசூரியின் பங்கு எது கூடுதலாக உள்ளதோ அதைப் பொறுக்க வேண்டும், அதனால் நூறு செடி வரை போங்கள்.

பின்கலப்புகள் முடிந்து தன் மகரந்தச் சேர்க்கைக்கு விடும்போதுதான் பலர் திணறுவார்கள். மூன்று மரபணுக்களும் இரட்டைப் பிரதியாகத் தூய நிலையில் வரும் வாய்ப்பு 64-இல் ஒன்று. அதே 99 விழுக்காடு உறுதிக்கு ஏறக்குறைய 300 செடி தேவை. ஆய்வுக்கு நிலம் கேட்கும்போதே இதைக் கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

டி.என்.ஏ.வுக்கு இளம் இலை போதும். மூன்று வாரப் பயிரில் விரல் நீளத் துண்டு எடுத்து, செடி எண் எழுதிய உறையில் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுபோங்கள். எக்ஸ்ஏ21-க்கு பி.டி.ஏ. 248 என்ற மார்க்கர் நெடுநாள் பழக்கத்தில் உள்ளது. எதிர்ப்புள்ள செடியில் ஒரு நீளத் துண்டும் எதிர்ப்பில்லாததில் வேறு நீளத் துண்டும் வரும். துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டு கோடும் தெரிந்தால் கலப்பு நிலை. ஒவ்வொரு ஜெல்லிலும் இரண்டு பெற்றோரின் டி.என்.ஏ.வையும் ஓரத்தில் ஓட்டுங்கள்.

நல்ல செடி ஒன்றே ஒன்று கிடைத்தால் பயப்பட வேண்டாம். நெல்லில் தூரைப் பிரித்து இரண்டு மூன்று தொட்டியில் நட முடியும். அறுவடைக்குப் பின் தாளை விட்டுவைத்தால் மறுதாம்பும் வரும். ஒரு தொட்டியில் நோயைக் கொடுங்கள், இன்னொன்றை விதைக்கும் ஒட்டுக்கும் வையுங்கள்.

ஒட்டிக்கொண்டு வரும் கெட்ட குணம்

ஜப்பானில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மேட்டுநில நெல் சிலவற்றில், பூஞ்சாணத்தால் வரும் குலைநோயைத் தாங்கும் நல்ல எதிர்ப்பு இருந்தது. பிஐ21 என்று இப்போது பெயர். அதைத் தாழ்நில ரகங்களுக்குக் கொண்டுவர நெடுங்காலம் முயன்றார்கள். எதிர்ப்பு வந்தபோதெல்லாம் சோற்றின் சுவை கெட்டது. எதிர்ப்பே சுவையைக் கெடுக்கிறது என்று நினைக்கும்படி இருந்தது. 2009-இல் வெளிவந்த ஆய்வுதான் முடிச்சை அவிழ்த்தது. சுவையைக் கெடுத்தது பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்த வேறொரு மரபணு. ஏராளமான செடிகளைச் சலித்து, இரண்டுக்கும் நடுவில் குரோமோசோம் முறிந்த செடியைக் கண்டுபிடித்ததும் எதிர்ப்பும் நல்ல சோறும் ஒன்றாகக் கிடைத்தன.

அங்கே யாராவது சோறு வடித்துப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அந்தச் சிக்கல் இருப்பதே தெரிந்தது. நம் வேலையில் செய்ய வேண்டியது இதுதான். எதிர்ப்பு மரபணுவின் இரண்டு பக்கமும் அருகில் மார்க்கர்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பின்கலப்பில் ஒரு பக்கம் முறிந்த செடி, அடுத்ததில் மறு பக்கம் முறிந்த செடி என்று தேடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தலைமுறையில் கிடைப்பது அபூர்வம்.

நோயைக் கொடுத்துப் பார்ப்பது

உங்கள் பகுதி வயல்களிலிருந்து எடுத்த பாக்டீரியாவைப் பயன்படுத்துங்கள், ஒன்றுக்கு மேற்பட்ட இடத்திலிருந்து. பெப்டோன் சர்க்கரை அகாரில் 28 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் மஞ்சள் நிறத்தில் பளபளப்பான கூட்டங்களாக வளரும். சுத்தமான தண்ணீரில் கலந்து, மில்லிலிட்டருக்குப் பத்துக்கோடி முதல் நூறு கோடி செல் வரை இருக்கும்படி செய்து, கத்தரிக்கோலை அதில் நனைத்து இலை நுனியில் இரண்டு மூன்று செ.மீ. வெட்டுங்கள். தூர் கட்டி முடியும் பருவம், வெயில் தாழ்ந்த நேரம் சரியானவை. நாற்றில் செய்யாதீர்கள். எக்ஸ்ஏ21-இன் எதிர்ப்பு செடி வளர வளரத்தான் முழுதாக வெளிப்படும். ஒரு பாக்டீரியா வகையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கத்தரிக்கோலைச் சாராயத்தில் கழுவுங்கள்.

பதினான்காம் நாளிலிருந்து அளக்கலாம். ஒரு செடிக்கு ஐந்து இலையாவது பாருங்கள். கருகல் 5 செ.மீ.க்குள் நின்றால் எதிர்ப்பு, 15-ஐத் தாண்டினால் தாங்காதது. பக்கத்தில் தைச்சுங் நேட்டிவ் 1-ம் மூலச் சம்பா மசூரியும் நின்று நன்றாகக் கருகியிருக்க வேண்டும். அவை கருகவில்லையென்றால் அந்தச் சோதனையையே கணக்கில் எடுக்காதீர்கள்.

அரிசிக்கு வருவோம்

நோய் கொடுத்த செடியின் மணியை வைத்துத் தரத்தை எடைபோடக் கூடாது. இலை கருகிய செடியில் மணி சரியாக நிரம்பாது, வெள்ளை வயிறு (அரிசியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டு) விழும். தூர் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அடுத்தது மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம். மணியின் உமி தாய்ச்செடியின் உடம்பு. அதனால் மணியின் நீளமும் அகலமும் பெரும்பாலும் தாய்ச்செடியைச் சொல்லும். உள்ளே இருக்கும் மாவுப்பகுதி அடுத்த தலைமுறை. கலப்பு நிலையில் உள்ள ஒரு செடியின் ஒரே கதிரில் அமைலோஸ் (மாவுச்சத்தின் ஒரு வகை) கூடிய மணியும் குறைந்த மணியும் கலந்திருக்கும். அதை மொத்தமாக அரைத்து ஒரு எண் எழுதினால், அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மணி மணியாகப் பாருங்கள். முளை உள்ள பாதியை விதைத்து, மறு பாதியைச் சோதிக்கும் பாதி மணி முறையும் உண்டு.

காரச் சோதனை ரொம்ப எளிது, அதைத்தான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன். தீட்டிய முழு அரிசி ஆறு எடுத்து, சிறு தட்டில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி, 1.7 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. ஊற்றி, மூடி, 30 டிகிரியில் 23 மணி நேரம் அசையாமல் வையுங்கள். அப்படியே கிடந்தால் 1, முழுதாகக் கரைந்து பரவினால் 7. இந்த எண் அரிசி எந்தச் சூட்டில் வேகத் தொடங்கும் என்பதைக் காட்டும். ஒரே செடியின் ஆறு அரிசியும் ஆறு விதமாகக் கரைந்தால் அந்தச் செடி இன்னும் தூய நிலைக்கு வரவில்லை.

அமைலோஸுக்கு 100 மி.கி. மாவில் 1 மி.லி. எத்தனாலும் 9 மி.லி. சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துச் சூடாக்கி, நீர்த்து, அயோடின் விட்டால் நீலம் வரும். 620 நானோமீட்டரில் அதை அளப்பார்கள். 20 முதல் 25 விழுக்காடு நடுத்தரம், நமக்குப் பிடித்த உதிரியும் மிருதுவும் சேர்ந்த சோறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அமைலோஸ் ஒன்றாகவே இருந்தும் ஆறியபின் ஒன்று கல்லாகிவிடும், இன்னொன்று மெத்தென்று இருக்கும். அந்த வித்தியாசத்துக்குக் கூழ் ஓட்டச் சோதனை. குழாயில் கூழ் 60 மி.மீ.க்கு மேல் ஓடினால் மிருது, 40-க்குள் நின்றால் கடினம்.

அரவை மிச்சத்தை அளக்க நெல்லை நிழலில் உலர்த்தி ஈரப்பதம் 12 முதல் 14-க்குள் கொண்டுவாருங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் மணிக்குள் வெடிப்பு விழுந்து, நல்ல ரகமும் குருணையாகும். உமி, தவிடு போக முழு அரிசி எவ்வளவு நிற்கிறது என்பதுதான் ஆலைக்காரர் பார்ப்பது, விலையும் அதை வைத்துத்தான். சம்பா மசூரி நடுத்தரச் சன்னம், நீளம் 6 மி.மீ.க்குள், நீள அகல விகிதம் 2.5-க்கு மேல். உங்கள் செடி அதிலிருந்து விலகினால், நோய் எதிர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தையில் அது ஆந்திரா பொன்னி என்று போகாது.

எல்லா அளவையும் அதே வயலில், அதே பருவத்தில் விளைந்த மூல ரகத்தோடுதான் ஒப்பிட வேண்டும். பூத்தபின் இரவு சூடாக இருந்தாலே எந்த ரகத்திலும் வெள்ளை வயிறு கூடும். போன வருடத்து எண்ணை இந்த வருடத்து எண்ணோடு வைத்துப் பேசாதீர்கள்.

அப்புறம், சோறு வடியுங்கள். புது நெல் குழையும் என்பதால் மூன்று மாதமாவது போகட்டும். மூல ரகத்தையும் புதுச் செடியையும் ஒரே அளவு தண்ணீரில், ஒரே மாதிரிப் பாத்திரத்தில் வைத்து, எது எது என்று சொல்லாமல் ஆறேழு பேருக்குக் கொடுங்கள். சூடாக ஒரு தடவை, ஆறியபின் ஒரு தடவை. தினமும் சமைப்பவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கட்டும். என் அம்மா சோற்றை வாயில் வைக்கவே மாட்டார். விரலில் நசுக்கிப் பார்த்து, "இது மதியத்துக்கு ஆகும், ராத்திரிக்குத் தண்ணி ஊத்தி வைக்க ஆகாது" என்பார். கூழ் ஓட்டச் சோதனையும் பல தடவை அதையே சொல்லும்.

வெளியே போவதற்கு முன்

மூன்று மரபணுவும் தூய நிலையில் உள்ள, மணியும் சோறும் மூல ரகத்தோடு ஒத்துப்போகும் நாலைந்து வரிசைகளாவது (ஒவ்வொன்றும் ஒரே செடியின் வழிவந்த விதை) கையில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போகாதீர்கள். குலைநோய்க்கும் கையோடு பார்த்துவிடுங்கள், கோ 39 போன்ற எளிதில் பாதிக்கும் ரகத்தைச் சுற்றி நட்டு. இலைக்கருகலைத் தாங்கி, குலைநோயில் விழுகிற செடியை விவசாயியிடம் கொடுத்து என்ன செய்ய? அதன்பின் ஹைதராபாத்தை மையமாக வைத்து 1965-லிருந்து நடக்கும் அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டத்தில், இப்படிப் பின்கலப்பில் வந்த வரிசைகளுக்கென்றே உள்ள சோதனையில் சேர்க்கலாம். அனுப்பும் விதையோடு மூல ரகத்தின் விதையையும் உங்கள் வயலிலிருந்தே எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பையிலும் உள்ளே ஒரு அட்டை, வெளியே ஒரு அட்டை, இரண்டும் பென்சிலில்.